சிறகுப் பொருத்தும் பட்டக் கட்டும்

தைப்பொங்கல் நாளின் பிற்பகலில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையிற் கூடும் மக்கள் அண்ணாந்து வானத்தை நோக்கி வியந்து நிற்பர். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பெட்டி என்னும் பழைய வடிவங்களோடு விமானம், கப்பல் முதலிய புதிய வடிவங்களும் வாடைக்காற்றில் எழுந்தாடும். காண்போர் பெரும்பாலும் வடிவத்தையும் வண்ணத்தையுமே காண்பர். பட்டம் கட்டியவனின் கவலையோ வேறு. மூங்கிற் சலாகைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் நூற்சுற்று இறுகியிருக்கின்றதா, தளர்ந்துவிட்டதா என்பதே அவன் கவலை. நம்மவர் பட்டத்தைச் செய்தல் என்னாது கட்டுதல் என்று வழங்குவது பொருளுடைத்து. பறக்கும் பொருள் எதுவாயினும் அதன் உயிர் அதன் கட்டிலே தங்கியுள்ளது.

இவ்வுண்மையை வானொலி அலையால் இயக்கப்படும் இரட்டைச் சிறகு விமான மாதிரியிலும் தெளிவாகக் காணலாம். அத்தகைய மாதிரி விழுந்து பழுதுறும்போது, பெரும்பாலும் முறிவது சிறகுமன்று, உடலுமன்று. சிறகு உடலோடு சேரும் பொருத்தே முறிகின்றது. முறிந்த இடத்திற் பசையிட்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவார் பலர். அடுத்த முறை அதே இடமோ, அதற்கு அரை அங்குலம் தள்ளிய இடமோ மீண்டும் முறியும். முறிந்த இடத்தைச் சேர்த்தல் ஒன்று. முறிந்த காரணத்தை நீக்கல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டத்தையும் விமானத்தையும் இணைத்துப் பேசுவது வெறும் உவமைக்காக அன்று. அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த லோறன்ஸ் ஹாகிறேவ் என்பார் 1893ஆம் ஆண்டிற் பெட்டிப் பட்டத்தை அமைத்தார். 1894ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அத்தகைய பட்டங்கள் நான்கைத் தொடுத்துத் தம்மையே நிலத்தினின்று 16 அடி உயரத்துக்குத் தூக்கச் செய்தார். ஒன்றன்மேலொன்றாக அமைந்த இரு பரப்புகள் இலேசாகவும் வலிமையாகவும் இருத்தல் கூடும் என்பதை அவர் பட்டம் காட்டியது. 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சனூற் என்னும் பொறியியலாளர், பாலங்களுக்கு வழங்கும் மூலைவிட்டக் கம்பிச் சட்டத்தை இரட்டைச் சிறகு மிதவை விமானத்தில் அமைத்தார். றைற் சகோதரர் 1899இல் 5 அடி அகலமுள்ள இரட்டைச் சிறகுப் பட்டமொன்றைப் பறக்கவிட்டே தம் ஆய்வைத் தொடங்கினர். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் மனிதனைச் சுமந்து பறந்த அவர்தம் விமானமும் இரட்டைச் சிறகினதே. எனவே இவ்வகை விமானம் பட்டத்தின் வழித்தோன்றல் என்றால் அது மிகையாகாது.

வானொலியால் இயங்கும் விமானமும் இவ்வினத்தோடு நெருங்கிய உறவுடையது. பிரித்தானியர் 1935ஆம் ஆண்டில் 'குயீன் பீ' என்னும் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டனர். பீரங்கிப் படையினர் குறிபார்த்துப் பழகுவதற்காக அமைந்த அவ்விமானம், 'ரைகர் மொத்' என்னும் புகழ்பெற்ற இரட்டைச் சிறகு விமானத்தின் சிறகுகளை மரத்தாலாய உடலிற் பொருத்தி ஆக்கப்பட்டது. அக்காலத்தை அடுத்தே, அமெரிக்காவில் வால்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் வானொலி மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டு இப்பொழுதுபோக்குக்கு வழிவகுத்தனர்.

இனி இரட்டைச் சிறகு விமானத்தின் அமைப்பை நோக்குவாம். கீழ்ச்சிறகு உடலின் அடிப்பகுதியோடு நேரே பொருந்துகின்றது. மேற்சிறகு உடலைத் தொடாது உயர்ந்து நிற்கின்றது. உடலினின்று மேற்சிறகின் நடுவைத் தாங்கும் தூண்களை நடுத்தூண்கள் எனலாம். உடலுக்கு அப்பால் இரு சிறகுகளையும் இணைப்பன இடைத்தூண்கள். இவற்றினிடையே குறுக்கும் மறுக்குமாகக் கம்பிகள் செல்கின்றன. கீழ்ச்சிறகின் அடியினின்று மேற்சிறகின் வெளிப்புறத்துக்குச் செல்லும் கம்பி, பறக்கும்போது சிறகு மேனோக்கி வளையாது இழுத்துப் பிடிக்கின்றது. மேற்சிறகின் நடுவினின்று கீழ்ச்சிறகின் வெளிப்புறத்துக்குச் செல்லும் கம்பி, விமானம் தரையில் இறங்கும்போது சிறகு கீழ்நோக்கித் தொங்காது காக்கின்றது. தூண் உதைப்பைத் தாங்கும். கம்பி இழுவையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தவிடத்து முக்கோணங்கள் உண்டாகின்றன. நாற்கோணச் சட்டம் மூலைகளிற் சாய்ந்து மடியும்; முக்கோணம் அவ்வாறு மடியாது. எட்டுமூலைப் பட்டத்தின் சலாகைகளை நூலால் இழுத்துக் கட்டும் சிறுவனும், அறிந்தோ அறியாமலோ, இவ்விதியையே கையாளுகின்றான்.

மாதிரி விமானத்தில் இவ்வமைப்புச் சற்றே எளிமையாக்கப்படுகின்றது. கீழ்ச்சிறகின் முன்விளிம்பிலிருந்து நீளும் ஒரு முளை, உடலின் குறுக்குச் சட்டத்திலுள்ள துளையிற் புகுந்து நிற்கும். சிறகின் பின்விளிம்பை இரண்டு திருகாணிகள் உடலினுள் உள்ள ஒட்டுப்பலகைத் தட்டோடு பிணைக்கும். திருகாணிக்குப் பதிலாக றப்பர் வளையங்களால் இழுத்துக் கட்டும் முறையும் உண்டு. நடுத்தூண்கள் வளைத்த உருக்குக் கம்பியாலோ ஒட்டுப்பலகையாலோ ஆனவை. சிறகின் பெரும்பகுதி பல்சா என்னும் மிக இலேசான மரத்தாலாயது. இம்மரம் நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழும் மென்மையுடையது. மென்மையான மரத்தில் வலிய திருகாணியைச் செலுத்தும் அவ்விடமே இடர்ப்பாட்டின் தொடக்கம்.

பொருத்து எவ்வளவு விசையைத் தாங்கவேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பல ஐயங்கள் தீரும். மாதிரியின் நிறை 2 கிலோகிராம் என்று கொள்வோம். அது நேராகப் பறக்கும்போது சிறகுகள் இரண்டும் சேர்ந்து அந்நிறையை மட்டுமே தாங்குகின்றன. உயரம் குறையாது 60 பாகை சாய்ந்து திரும்பும்போது சுமை இருமடங்காகின்றது. விரைந்து தாழ்ந்த விமானத்தைத் திடீரென மேலே இழுத்தால் அது ஐந்து மடங்காகவும் கூடும். அப்போது மொத்தச் சுமை 10 கிலோகிராம். அதிற் பாதியை மேற்சிறகு ஏற்பதாகக் கொண்டால், நடுத்தூண்களின் பொருத்துகளுக்கு வரும் இழுவை 5 கிலோகிராம் அளவைத் தாண்டாது. சிறகின் சொந்த நிறையைக் கழித்தால் அது இன்னும் குறையும். நன்றாக அமைந்த எப்பொருத்துக்கும் இஃது அரிதான சுமையன்று.

தரையில் மோதும்போதோ நிலை வேறு. விமானம் நொடிக்கு 15 மீற்றர் வேகத்தில் வந்து, 10 சென்ரிமீற்றர் தூரத்துள் நின்றுவிடுகின்றதென்க. வேகத்தின் வர்க்கத்தை நின்ற தூரத்தின் இருமடங்காற் பிரித்தால் அமர்முடுகல் கிடைக்கும். 225ஐ 0.2ஆற் பிரிக்க வருவது 1125. இது புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஏறத்தாழ 115 மடங்கு. 300 கிராம் நிறையுள்ள மேற்சிறகு உடலோடு விறைப்பாகப் பிணைந்திருந்தால், அதை நிறுத்துவதற்குப் பொருத்து ஏற்கவேண்டிய விசை ஏறத்தாழ 34 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். பறக்கும்போது வந்த மிகக்கூடிய சுமையின் ஏழு மடங்கு இது. அச்சிறகே பொருத்தினின்று விடுபட்டு அரை மீற்றர் தூரம் வழுக்கி நின்றிருந்தால், விசை ஐந்திலொன்றாகி 7 கிலோகிராம் அளவுக்குக் குறைந்திருக்கும். நிற்கும் தூரம் ஐந்து மடங்கானால் தாக்கும் விசை ஐந்திலொன்றாகின்றது என்பதை மாணவர் இங்கே கருத்திற் கொள்வாராக.

சிறகின் நுனி தரையிற் பட்டாலோ நெம்புகோலின் விதி வந்து சேருகின்றது. நுனி நடுவினின்று 60 சென்ரிமீற்றர் தொலைவிலும், திருகாணி 5 சென்ரிமீற்றர் தொலைவிலும் இருந்தால், நுனியிற் பட்ட 5 கிலோகிராம் விசை திருகாணியில் 60 கிலோகிராமாகப் பெருகும். இவ்விரு கணக்குகளிலிருந்தும் ஒரு தத்துவம் பெறப்படும்: பொருத்தானது வானத்திற் பிடித்திருக்கவேண்டும், தரையில் விட்டுக்கொடுக்கவேண்டும். மோதலையும் தாங்கும்படி பொருத்தை வலுப்படுத்த முயல்வோர் சுமையைக் கூட்டுவரேயன்றிப் பழுதைக் குறையார். பொருத்து விட்டுக்கொடாதபோது, விலைமிக்க சிறகோ, பன்னாள் உழைத்து ஆக்கிய உடலோ பிளக்கும்.

விட்டுக்கொடுத்தலின் அருமையைப் பட்டமும் நமக்குக் கற்பிக்கின்றது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 10 மீற்றர் வேகமுள்ள காற்று, தன்னை நேரே எதிர்க்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறத்தாழ 6 கிலோகிராம் விசையோடு தள்ளும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். 2021ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் பருத்தித்துறைப் பகுதியிற் பெரும் பட்டமொன்றை ஏற்றிக்கொண்டிருந்த குழுவினருள் ஒருவர், ஏனையோர் கயிற்றை விட்டபின்னும் தாம் விடாது பற்றியிருந்தமையால் வானிலே தூக்கப்பட்டு, பின்னர் வீழ்ந்து உயிர்தப்பினார். அக்காட்சி உலகெங்கும் பரவியது. எப்போது பிடிக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்னும் அறிவு கயிற்றைப் பற்றும் கைக்கும் வேண்டும். விமானத்தின் பொருத்துக்கும் வேண்டும்.

இத்தத்துவத்தைத் துணையாகக் கொண்டு பழுதுபார்க்கும் முறையை இனி ஆராய்வோம். முதல் வேலை ஒட்டுவதன்று, உற்றுப் பார்ப்பதே. முறிவின் தோற்றமே காரணத்தைக் கூறும். குறுக்குச் சட்டம் முளைத்துளையினின்று மேலும் கீழுமாகப் பிளந்திருந்தால், மோதலின்போது உடல் நின்றுவிடச் சிறகு முன்னோக்கிச் சென்று சட்டத்தை இடித்தது என்று அறியலாம். திருகாணித் துளை நீள்வட்டமாகியிருந்தால், பிணைப்பு நெடுநாள் தளர்ந்திருந்து அதிர்வினால் தேய்ந்தது எனலாம். திருகாணியின் தலைக்குக் கீழே சிறகு நசுங்கியிருந்தால், அளவுக்கு மிஞ்சி முறுக்கியதே குற்றம். நடுத்தூண்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால், அவற்றினிடையே மூலைவிட்டத் தாங்கு இல்லை என்பது வெளிப்படை. ஒட்டிய இடம் மரத்தில் நார்கூடப் பற்றாது வழவழப்பாகப் பிரிந்திருந்தால், எண்ணெய் படிந்த மரத்திற் பசை பிடிக்கவில்லை என்பது பொருள்.

காரணத்தைத் துணிந்தபின் வேலையைத் தொடங்கலாம். எரிபொருள் இயந்திரம் பூட்டிய மாதிரியாயின் எண்ணெய் ஊறிய மரத்தைத் துடைப்பதோடு அமையாது, ஊறிய பகுதியை வெட்டி நீக்கிப் புதிய மரத்தைப் பதித்தல் வேண்டும். நீள்வட்டமான துளையைப் பசையால் நிரப்புதல் ஆகாது. துளையைச் சற்றுப் பெருப்பித்து, வன்மரத் துண்டொன்றை இறுக்கமாகச் செருகி, எப்பொக்சிப் பசையால் ஒட்டி, அது முற்றாகக் காய்ந்தபின் உரிய இடத்திற் புதிய துளையிடவேண்டும். பிளந்த குறுக்குச் சட்டத்தின் இரு முகங்களையும் சேர்த்து ஒட்டியபின், அதன் மேல் மெல்லிய ஒட்டுப்பலகையை மேற்பலகையாகப் பதிக்கவேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். மேற்பலகை சட்டென முடியுமாயின், வலிய பகுதியும் மெலிய பகுதியும் சந்திக்கும் அவ்விளிம்பிலே தகைப்புக் குவிந்து, அடுத்த முறிவு அங்கே நிகழும். ஒட்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி முறியும் மர்மம் இதுவே. ஆதலால் மேற்பலகையின் ஓரங்களைச் சீவிப் படிப்படியாக மெலியச் செய்தல் வேண்டும். அதனைச் சுற்றி ஒருபடைக் கண்ணாடியிழைத் துணியை எப்பொக்சியால் ஒட்டினால், விசை ஓரிடத்திற் குவியாது பரந்து செல்லும்.

வளைந்த நடுத்தூணை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தும் ஆசை இயல்பே. எனினும் ஒருமுறை மடிந்த உருக்குக் கம்பியை நிமிர்த்தும்போது அதே இடம் மேலும் நலிவடைகின்றது. புதிய கம்பியை வளைத்தலே நன்று. அதனையும் கூரிய மூலையாக மடிக்காது, சிறிது வட்டமாக வளைத்தல் வேண்டும். இரு கம்பிகள் சேருமிடத்தில் வெறும் பற்றாசு நில்லாது. மெல்லிய செப்புக்கம்பியால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, அதன்மேற் பற்றாசு ஓடச்செய்தல் வேண்டும். பற்றாசு சுற்றுகள் நழுவாது காக்க, செப்புச் சுற்றுகள் விசையைப் பங்கிட்டுத் தாங்குகின்றன. மூங்கிற் சலாகைகளை நூலாற் சுற்றிப் பசை தடவும் நம் பட்டக்காரரின் கட்டும் இவ்வாறானதே. ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும். நூற்சுற்றோ ஒவ்வொரு சுற்றிலும் சுமையைச் சிறிது சிறிதாக ஏற்று, வேண்டியவிடத்துச் சற்றே நெகிழ்ந்தும் கொடுக்கும்.

இனிப் பொருத்தை முன்னையினும் செம்மையாக்கும் வழிகள் சில. முதலாவது, உருக்குத் திருகாணியை நீக்கி நைலோன் திருகாணியை அமைத்தல். பறப்பின் சுமையை நைலோன் எளிதாகத் தாங்கும். சிறகு நுனி மோதி விசை பன்மடங்கு பெருகும்போது, அது தானே அறுந்து சிறகைக் காக்கும். அறுந்த திருகாணியின் விலை அற்பம். பிளந்த சிறகின் விலையோ பல வார உழைப்பு. இரண்டாவது, திருகாணி செல்லும் துளையினுள் சிறுகுழாய் ஒன்றைப் பதித்தலும், தலைக்குக் கீழே அகன்ற ஒட்டுப்பலகைத் தகடு வைத்தலுமாம். இவற்றால் முறுக்கும் விசை மென்மரத்தை நசுக்காது. மூன்றாவது, முன்முளைக்கு மூங்கிலைப் பயன்படுத்தல். மூங்கில் இலேசானது, நார் நீளமாக ஓடுவதால் எளிதில் ஒடியாது, நம் ஊரிலே கிடைப்பது. நான்காவது, நடுத்தூண்கள் இரண்டினிடையே மூலைவிட்டமாக ஒரு தாங்கு வைத்து, நாற்கோணத்தை இரு முக்கோணங்களாக்கல். சிறிய மாதிரிகளுக்கு றப்பர் வளையப் பிணைப்பே போதுமானது. அது மோதலில் நீண்டு, நிற்கும் தூரத்தைக் கூட்டி விசையைக் குறைக்கின்றது. பார்வைக்கு அழகில்லை என்று அதனை இகழ்தல் பொருந்தாது.

பொருத்து வலிமை பெற்றதோடு வேலை முடிந்துவிடாது. கோணமும் சரியாதல் வேண்டும். பட்டத்துக்கு முச்சை கட்டுவோர் இதனை நன்கறிவர். முச்சையின் மேனூலை ஒரு விரலளவு கூட்டினாலோ குறைத்தாலோ, பட்டம் காற்றை ஏற்கும் கோணம் மாறி, எழாது கிடக்கும். அன்றேல் தலைகீழாகக் குத்தும். விமானச் சிறகின் கோணமும் அத்தகையதே. பழுதுபார்க்கும்போது முன்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பான பசைப்படை தங்கினாலும், 20 சென்ரிமீற்றர் அகலச் சிறகிற் கோணம் ஏறத்தாழ காற்பாகை மாறிவிடும். 4 மில்லிமீற்றர் பிழை ஒரு பாகைக்கு மேலாகும். இரட்டைச் சிறகு விமானத்தில் மேற்சிறகும் கீழ்ச்சிறகும் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள கோணமும், இடப்பக்கமும் வலப்பக்கமும் தம்முள் ஒத்திருத்தலும் இன்றியமையாதன. பசை காயுமுன் சிறகைப் பொருத்திவைத்து, சிறகின் இரு நுனிகளினின்றும் வாலின் நடுவுக்கு நூல் பிடித்து அளந்து, இரு அளவும் ஒத்தபின்னரே காயவிடல் வேண்டும்.

நம் நாட்டுக் காலநிலையையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்தில் எவ்வூரும் கடலுக்குச் சேய்மையிலில்லை. உப்புக்காற்று உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். மாரிகால ஈரம் மரத்தை வீங்கவும் கோடைவெயில் அதனைச் சுருங்கவும் செய்யும். இவ்வாறு வீங்கிச் சுருங்கும் மரத்திலே திருகாணி தானே தளரும். ஆதலாற் கம்பிகளுக்கு எண்ணெயோ வர்ணமோ பூசுதலும், துளைகளின் உட்புறத்தைப் பசையால் மெழுகுதலும், மாரி கழிந்து முதன்முறை பறக்கவிடுமுன் எல்லாப் பிணைப்புகளையும் சோதித்தலும் நல்ல வழக்கங்களாம். விண் பூட்டிய பட்டத்தின் நூலைப் பற்றியவன் அதன் அதிர்வைக் கையில் உணர்வான். விமானத்தின் இயந்திரமும் அவ்வாறே இடைவிடாது அதிர்ந்து ஒவ்வொரு திருகாணியையும் அசைக்கின்றது. ஒவ்வொரு பறப்பின் பின்னும் சிறகைக் கையாற் பற்றி மெல்ல அசைத்துப் பார்த்தலே மிக எளிய சோதனை.

பழுதுபார்த்த மாதிரியை நேரே வானுக்கு அனுப்புதல் தகாது. சிறகுகளின் இரு நுனிப்புறங்களையும் தாங்கி, உடலின் நடுவிற் படிப்படியாகச் சுமையேற்றிப் பொருத்து நெறிகின்றதா என்று தரையிலேயே பார்க்கலாம். சிறகு வானிற் கழன்றால் 2 கிலோகிராம் நிறையுள்ள பொருள் எவர் தலையிலும் வீழக்கூடும். மக்கள் கூடும் கடற்கரையும் கோவில் வீதியும் சோதனைக் களங்களல்ல. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் நாள் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியின் அயலும் அவ்வாறே. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அறிந்து, பொறுப்புள்ளோரின் அனுமதியோடு, ஆளில்லா வெளியில் முதிர்ந்தவர் துணையுடனேயே பறக்கவிடல் கடன்.

இத்துணைச் சிறிய பொருத்தொன்றிலே நெம்புகோலும், முக்கோணத்தின் உறுதியும், ஆர்முடுகலின் விதியும், பொருள்களின் வலிமையும் ஒருங்கே அடங்கியிருத்தல் காண்க. வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதும் சமன்பாடு முறிந்த மரத்துண்டிலும் எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் படிக்கும் கண்ணே வேண்டும். விலைகொடுத்து வாங்கிய மாதிரி முறிந்ததும் அதனை மூலையில் எறிந்து வேறொன்று வாங்குவோன், பறக்கவிடுவதை மட்டுமே கற்றான். முறிந்ததைக் கையிலெடுத்து, ஏன் முறிந்தது என்று வினாவி, முன்னையினும் செம்மையாகக் கட்டுவோனே பறத்தலின் இயல்பைக் கற்றான். மூங்கிலும் நூலும் கடதாசியும் கொண்டு வானத்தை அளந்த மக்களின் வழிவந்த மாணவர்க்கு இவ்வறிவு புதியதன்று. அதனைக் கணக்கோடும் கருவியோடும் இணைத்து வளர்த்தலே இனி அவர் செய்யவேண்டியது.